பரிசோதனைக்கு முந்தின வாரம்

ரத்தம் கொடுக்க வருகிறவர் முகச்சவரம் செய்துகொண்டு வருவதை நான் அவரிடம்தான் பார்த்தேன். கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியை ஒட்டிய லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் கசங்கின சட்டையும் தூக்கக் கலக்கமுமாகத்தான் வருவார்கள். அவர் மட்டும் தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, நெற்றியில் திருநீறு என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவர் மாதிரி வருவார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி, "எடு தங்கச்சி. எல்லாம் ரெடியா இருக்கு" என்பார். ரத்தத்தைத்தான் சொல்வார்.

அவர் இப்போது இல்லை. இல்லாதவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். எனக்கு அந்த வழக்கம் அவ்வளவாகக் கைகூடவில்லை.

அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்த வீடு. அதனால் அந்த "எல்லாம் ரெடி"க்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்வார். நாள் குறித்தாயிற்று என்றால் முந்தின வாரமே சீனி டப்பா பரணுக்கு ஏறிவிடும். பீடிக்கட்டு கண்ணில் படாது. மற்ற நாளில் சாயங்காலம் தவறாமல் கடித்துக்கொண்டிருக்கும் கடலை மிட்டாய் நின்றுபோகும். விடிந்ததும் வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கைவீசி ஒரு நடை. எதிரே வருகிறவர்கள் கேட்டால், "செக்கப் வருதுலா" என்பார், வீட்டுக்கு விருந்தாள் வருவதைப் போல. ரிசல்ட் கைக்கு வந்த அன்றைக்கே டீக்கடையில் நின்று வாசித்துக் காட்டுவார். "எல்லாம் பாஸ்" என்பார். அன்று சாயங்காலம் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு என் வீட்டு நடையில் வந்து நிற்பார். பீடியும் பழையபடி விரலிடுக்குக்கு வந்திருக்கும்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை என்பது அந்த மனிதரின் புத்தியில் கடைசிவரை ஏறவில்லை. எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "ஆபீசர் வாற அன்னைக்கு ஆபீஸைக் கூட்டாம வச்சிருப்பாகளா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

அது அவர் பிழைப்பிலிருந்து வந்த பாடம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மேனேஜராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் அம்மா அங்கேதான் குச்சி அடுக்கப் போனாள். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவாராம். உடனே வழியை அடைத்துக் கிடக்கிற சாக்கு மூட்டைகள் பின்னால் உடைமரத்தடிக்குப் போகும். காலியாகத் தொங்குகிற தீ வாளிகளில் மணல் நிரம்பும். பூட்டியே கிடக்கிற பின்கதவு திறந்து நிற்கும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வந்து உட்காரும். அதிகாரியின் ஜீப் திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்வரை எல்லாம் இருக்கும். பிறகு மூட்டைகள் வழிக்குத் திரும்பும். பின்கதவு பூட்டப்படும்.

சாமான்களை மட்டுமல்ல, பெண்களையும் தயார் செய்வார். எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, அதிகாரி என்ன கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். மூச்சுத் திணறல் உண்டா, இல்லை. கையில் புண்ணு உண்டா, இல்லை. தீக்காயம் பட்டது உண்டா, இல்லை. "யோசிச்சு நிக்கக் கூடாது, பட்டுனு இல்லன்னு சொல்லணும்" என்பாராம். கை நிறையத் தீக்காயத் தழும்போடு பட்டென்று இல்லை என்று சொன்னவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. ஆபீஸ் ஒருநாளும் சீல் வைக்கப்படவில்லை. அதைச் சாகிறவரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு கூட்டிப் பெருக்க ஆபீஸ் இல்லை. அதனால் உடம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஒருமுறை எங்கள் டாக்டரம்மா அவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனையை எழுதிக்கொடுத்துவிட்டார். இது புதுசாக இருக்கிறதே என்று என்னிடம் விளக்கம் கேட்டார். ஒரு வாரம் பத்தியம் இருந்தாலும் பழைய கணக்கு வெளியே வந்துவிடும் என்றேன். முகம் மாறிவிட்டது.

"சொல்லாம கொள்ளாம வாற ஆபீசர் மாதிரில்லா இருக்கு. இது என்ன நியாயம்?"

"நியாயம் என்ன அண்ணாச்சி, உள்ளதைக் காட்டும்."

"அப்ப நான் வெந்தயத் தண்ணி குடிச்சதுக்கு மதிப்பே கிடையாதா?"

காட்டியது. உச்சத்தில் இருந்தது. மெஷினில் கோளாறு என்று எல்லாரிடமும் சொன்னார். பிறகு அந்தப் பரிசோதனையை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை, வேறு லேபுக்குப் போய்ப் பழைய மாதிரி பாஸ் ஆகி வந்தார். பின்னாளில் கால் விரலில் வந்த சின்னப் புண் ஆறாமல் பெரிதாகி அவரைக் கொண்டுபோனபோது அந்த பாஸ் ரிப்போர்ட்டுகள் எல்லாம் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

இவ்வளவையும் வைத்து அவரை விவரம் இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. விவரம் கொள்ளாத அளவுக்கு இருந்தது. முப்பது தாண்டினால் எதைப் பார்க்க வேண்டும், நாற்பதில் எது, ஐம்பது அறுபதில் எது, ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது என்று வயது வாரியாக ஒப்பிப்பார். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிற ஒவ்வொன்றையும் நின்று படிக்கிற ஒரே மனிதர் அவர்தான். படித்தது எதற்கு என்றால், அதிகாரி எங்கே கைவைப்பார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கு. தெருவில் யாருக்கு வயது ஏறினாலும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்ன இன்னது பார்ப்பார்கள், இன்ன இன்னதுக்கு இப்படி இப்படித் தயார் ஆக வேண்டும் என்று வகுப்பு எடுப்பார்.

எதிர்ச் சாரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பாய்க்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அவருக்கும் வகுப்பு நடந்தது. பரிசோதனைக்குப் போகிற அன்று காலையில் ஒரு மாத்திரைக்கு ரெண்டாகப் போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டு, மனசில் நல்லதை நினைத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். பாய் அப்படியே செய்தார். எங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடியே கண் இருட்டிச் சரிந்தார். கட்டிலில் கால் பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்து, ஊசி குத்தி, தெளிய அரைநாள் ஆயிற்று. சாயங்காலம் பார்க்க வந்த நம் ஆள், ரிப்போர்ட்டில் கொதிப்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

பாய் படுத்தபடியே சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரத்துல மவுத்தாயிருப்பேன் அண்ணாச்சி. அப்ப இன்னும் நல்லா வந்திருக்கும்."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நம் ஆளும் சிரித்தார். சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டிருக்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டதுதான் தப்பு என்றார்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரிக்கிற சங்கதி. மதினியின் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். புதூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். சத்தமாகப் பேச மாட்டாள். அவர் பேசுகிற வீட்டில் இன்னொருவர் பேச இடமும் கிடையாது.

அரசாங்கத்திலிருந்து வீடு வீடாக வருகிற சுகாதாரப் பெண் ஒருத்தி உண்டு. முப்பது வயது தாண்டின எல்லாரையும் கேள்வி கேட்டு போனில் ஏற்றிக்கொள்வாள். வயதுக்கு ஏற்றபடி யாரை எதற்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதில்தான் தெரியும். அவள் வந்த அன்று நான் அவர்கள் வீட்டு நடையில் நின்று மதினியிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். மதினி முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேள்வி மதினிக்கு. பதில் நாற்காலியில் இருந்து வந்தது.

"சுகர், பிரஷர்னு மாத்திரை எதுவும் சாப்பிடுதாவளா?"

"இல்ல."

"வாயில ஆறாத புண்ணு?"

"இல்ல."

"மார்புல கட்டி, வலி, காம்புல நீர் வடியுதது எதுவும்?"

"இல்ல."

எங்கள் தெருவில் மற்ற ஆண்கள் இந்தக் கேள்வி வருவதற்கு முன்பே எழுந்து உள்ளே போய்விடுவார்கள். இவர் அசையவில்லை. அந்தப் பெண் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "அக்கா சொல்லட்டும் அண்ணாச்சி" என்றாள். நானும், "மதினிட்டதான கேக்காவ" என்றேன்.

"அவ என்ன புதுசா சொல்லப் போறா? ஏட்டி, சொல்லு."

மதினி வெங்காயத்தைப் பார்த்தபடியே, பட்டென்று, "இல்லம்மா" என்றாள்.

அந்தப் பெண் நல்லவள். இருந்தாலும் இந்த வயசுக்கு ஒருதரம் பொம்பளை டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது, தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், காசு கிடையாது, வியாழக்கிழமை வாருங்கள் என்று மதினியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். அந்த வியாழக்கிழமை மதினி போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. ஒன்றும் இல்லாதவளை எதற்குக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் மத்தியானம் மதினி என் வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். ரவிக்கையை அவிழ்த்தாள். இடது பக்கம் முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்ட பத்து காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கையை வைக்கவே வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிந்தது. தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"எப்பமிருந்து மதினி?"

"அந்தப் பிள்ளை போனோட வந்துச்சே, அதுக்கும் முன்னாலயே. வருசத்துக்கு மேல ஆச்சு."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"அவியதான் பத்துப் போட்டு விடுதாவ. இது கரையட்டும், கரைஞ்ச பொறவு டாக்டர்ட்ட காட்டலாம்னு சொன்னாவ. இப்பம் காட்டுனா ஏதாவது எழுதிப்புடுவாகளாம்."

கரைந்த பிறகு டாக்டரிடம் காட்டலாம். இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் தெருவில் இருந்தவர்களுக்கு நம்புவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அதிகாரி வருவதற்கு முன்னால் சாக்கு மூட்டையை ஒதுக்கினவர், டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கட்டியை ஒதுக்கப் பார்த்தார். நோய் என்பது டாக்டர் எழுதின பிறகுதான் தொடங்குகிறது என்று ஒரு மனிதர் நினைத்தார். அதற்கு இன்னொருத்தியின் உடம்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்பு இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் தன் கையால் அம்மியில் அரைத்து, சூடு பார்த்து, பத்துப் போட்டுவிட்டிருக்கிறார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மறுநாளே மதினியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் வந்தார், வெள்ளைச் சட்டையோடு. எத்தனை நாளாக இருக்கிறது என்று அங்கிருந்த பெரிய டாக்டர் கேட்டார். "ஒரு வாரமாத்தான் டாக்டர்" என்றார் இவர். டாக்டர் இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மதினியின் பக்கம் திரும்பினார். மதினி என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் என்று நானே சொன்னேன். தள்ளிப்போட்டுவிட்டீர்கள், முதலிலேயே வந்திருந்தால் குணப்படுத்துகிற வழி இருந்தது, இப்போது நாளைத் தள்ளிக்கொண்டு போகத்தான் முடியும் என்றார் டாக்டர். கிளம்பும்போது, "பொண்ணு இருக்கா?" என்று கேட்டார். சாத்தூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் இருந்தாள். "அம்மாவுக்கு இந்த வயசுல வந்திருக்கிறதால அவங்க மத்தவங்களைவிட முன்னாடியே பரிசோதனையை ஆரம்பிக்கணும். கட்டாயம் சொல்லிருங்க" என்றார். இவர் தலையை ஆட்டினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, சாத்தூர்க்காரங்க காதுக்கு இது போகக் கூடாது. பரம்பரை நோய்னு பிள்ளையை ஒரு மாதிரி பாப்பாவ" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது.

சிகிச்சையில் மதினிக்கு முடி கொட்டத் தொடங்கியது. அவர் ஒரு கார் பிடித்து அவளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுக் கூட்டி வந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்ததற்கு நேர்த்திக்கடன் என்று தெருவுக்குச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் இலை விபூதிப் பிரசாதம் வந்தது. மதினி முக்காட்டோடு வாசலில் நின்றாள். யாராவது கேட்டால் பட்டென்று, "நேர்ச்சைதான் அக்கா" என்பாள். எனக்கு அந்தப் பிரசாதத்தை வாங்கவும் மனசு வரவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

அடுத்த ஆடிக்குள் மதினி போய்விட்டாள். பந்தலுக்கடியில் அவர் வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று, வயிற்றில் புண், கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கவனிக்காமல் விட்டுவிட்டாளாம். மகளும் அதையேதான் சொன்னாள். அழுது வீங்கின முகத்தோடு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்கிற எல்லாருக்கும் அப்பா சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். ஒரு வார்த்தை முன்பின் மாறவில்லை.

அந்தப் பிள்ளையை நான் விடவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்வேன். உனக்கு முப்பது ஆகிவிட்டது, எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், உனக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது, ஒருநாள் வந்து காட்டிவிட்டுப் போ என்பேன். "பாக்குதேன் அத்தை" என்பாள். பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒருநாள் திடீரென்று ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றாள். கூடவே அவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற வழியிலேயே பாடம் நடந்திருக்க வேண்டும், அவள் முகம் அப்படி இறுகியிருந்தது. நான் இருவரையும் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். அந்த அம்மாவுக்கு மதினியைத் தெரியாது. வயது, குழந்தை, மாதவிடாய் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "குடும்பத்துல அம்மா, பெரியம்மா, சித்தி யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்திருக்கா?" என்றார்.

"இல்லம்மா. எங்க பரம்பரையிலயே கிடையாது" என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் எதுக்குத் தாயி வெளிய? நானே எல்லாத்தையும்..."

"வெளிய இருங்கப்பா."

அவருக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் மேஜையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்கம்மா இதுலதான் டாக்டர் செத்தாவ. கட்டி இருக்குதது தெரிஞ்சே ஒரு வருசம் வச்சிருந்தாவ." பிறகு தன் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கும் இங்கன ஒண்ணு தட்டுப்படுது. ரெண்டு மாசமா. யார்ட்டயும் சொல்லல."

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார். அன்றைக்கே ஸ்கேன், அந்த வாரமே ஊசியால் எடுத்த பரிசோதனை, எல்லாம் நடந்தது. ரிசல்ட் வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாதாரண நார்க்கட்டி என்று வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் குடும்பத்தில் இருப்பதால் வருஷம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா அவளிடம் சொன்னார். அவள் அங்கேயே, என் தோளில் சாய்ந்து, அம்மாவுக்குச் சேர்த்து அழுது தீர்த்தாள்.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டு நடைக்கு வந்தார். முகத்தில் பழைய தெளிச்சம்.

"பாத்தியா தங்கச்சி, நான் அப்பவே அந்த அம்மாட்ட இல்லன்னு சொன்னேன்லா. யாரு கேட்டா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அந்த நடையிலேயே வைத்து ஒரு பாடு பேசியிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டேன். அவர் தெருவில் இறங்கி அதே செய்தியை அடுத்த வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது உள்ளே கேட்டது.

மகள் மறு வருஷமும் சொன்ன நாளில் வந்தாள். சாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் தனியாக வந்தாள். டாக்டரம்மா கேட்ட ஒவ்வொன்றுக்கும் யோசித்து, நிதானமாக, தானே பதில் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"நான் வந்ததைச் சொல்லாதீக அத்தை" என்றாள். அடுத்த பஸ்ஸிலேயே சாத்தூருக்கு ஏறிவிட்டாள்.